வீடு வீடாகக் கேட்டுச் சமூக வரைபடம் போடுவது எப்படி

சமூகவியல் ஒரு துறையாகக் காலூன்றிய நாட்களில் அதற்குக் கைகொடுத்தது, எந்தத் தெருவில் எத்தகையோர் வாழ்கிறார்கள் என்று வண்ணம் தீட்டிக் காட்டிய தெரு வரைபடம். லண்டனில் சார்லஸ் பூத் 1889இல் வெளியிட்டார். சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தில் தங்கிப் பணியாற்றியவர்கள் 1895இல் போட்டார்கள். பிலடெல்பியாவுக்குச் சமூகவியலாளர் டு பாய்ஸின் நூல் 1899இல் வந்தது. இன்று ஒரு தெருவுக்கு இதைச் செய்ய விரும்புவோர் இம்மூன்றையும் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

முதலில் எல்லை. டு பாய்ஸ் எடுத்துக்கொண்டது ஏழாம் வார்டு மட்டும்: ஸ்புரூஸ் தெருவுக்கும் சவுத் தெருவுக்கும் இடையே, ஏழாம் தெருவிலிருந்து ஸ்கூல்கில் ஆறு வரை. அங்கிருந்த 9,675 கறுப்பின மக்களின் விவரம் அவர் நேரில் போய்த் திரட்டியது. ஒரு வீட்டில் சராசரியாக 15 முதல் 25 நிமிடம் ஆனது. இந்தக் கணக்கில், ஒருவர் மாலை 3 மணி நேரம் நடந்தால் 7 முதல் 12 வீடுகளுக்கு மேல் முடியாது. அதற்கேற்ற அளவு தெருவை எடுங்கள்.

படிவங்களைப் பிரித்து வையுங்கள். குடும்பம், தனிநபர், வீடு, தெரு, நிறுவனம், வீட்டு வேலையாள் என்று டு பாய்ஸிடம் ஆறு இருந்தன. ஒரே தாளில் எல்லாவற்றையும் திணித்தால், அறை எத்தனை என்ற கேள்விக்கு வீட்டிலுள்ள ஐந்து பேரும் பதில் சொல்லி, ஒரே வீடு ஐந்து தடவை எண்ணப்படும்.

பலரும் சறுக்குவது அலகில்தான், அதாவது எதை ஒன்று என்று எண்ணுகிறோம் என்பதில். ஹல் ஹவுஸின் தேசிய இன வரைபடத்துக்கு அலகு தனிநபர். கூலி வரைபடத்துக்குக் குடும்பம். இரண்டையும் அருகருகே வைத்து நேராக ஒப்பிட்டால் தப்பான முடிவே வரும். கூலியைக் கேட்கும்போது ‘வாரம் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். வேலையில்லாத வாரங்கள் மறைந்துபோகும். ஆண்டு வருமானத்தைக் கேட்டு 52ஆல் வகுங்கள்.

வண்ணம் எதைக் காட்டுகிறது என்பதில் கண்டிப்பு வேண்டும். பூத் தெரு தெருவாக நிறம் கொடுத்தார்; அதனால் ஒரே தெருவில் வாழ்ந்த ஏழையும் வசதியானவரும் ஒரே நிறமானார்கள். அதைவிட மோசம், மிகவும் தாழ்ந்த நிலையைக் குறித்த கறுப்பு நிறத்துக்கு அவர் எழுதிய விளக்கத்தில் தீயொழுக்கமும் குற்றமும் கலந்திருந்தன. டு பாய்ஸ் மக்களை வகைப்படுத்தியதில் கடைசிப் பிரிவிலும் இதே சிக்கல் உண்டு. கூலியை எண்ணலாம், ஒழுக்கத்தை வாசலில் நின்று எண்ண முடியாது. எண்ணியதற்கு மட்டும் நிறம் கொடுங்கள். பதில் கிடைக்காத வீட்டுக்கும் தனி நிறம் வேண்டும். வெள்ளையாக விட்டால் காலி மனை என்று படிப்பார்கள்.

நிரப்பிய படிவங்களையும் நிற விளக்கத்தையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்; பின்னாளில் மறுபடி ஆய்ந்து ஒப்பிட உதவும். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு எடுத்த கிராம ஆய்வு 1918இல் நூலானது. அந்த ஊர்களுக்கு மறுபடி போய் எடுத்த ஆய்வு 1940இல் வந்தது.