24 ரூபாய்த் தக்காளியை என்ன விலைக்கு விற்பது? சிறு காய்கறிக் கடைக்கான விலைக் கணக்கு

சென்னைப் புறநகரில் புதிதாகக் காய்கறிக் கடை வைப்பவர் பெரும்பாலும் எதிர்க் கடையின் விலைப் பலகையைப் பார்த்தே தம் விலையை எழுதுகிறார். எதிர்க் கடைக்காரர் யாரைப் பார்த்து எழுதினார் என்பது அவருக்குத் தெரியாது. கோயம்பேட்டில் கிலோ 24 ரூபாய்க்கு எடுத்த தக்காளியை 40 ரூபாய்க்கு விற்றால் கிலோவுக்கு 16 ரூபாய் மிச்சம் என்று வாங்குபவர் நினைக்கிறார்; பல நேரங்களில் விற்பவரும் அப்படியே நினைக்கிறார். வாடகை கொடுக்க வேண்டிய நாளில் பெட்டியில் பணம் இல்லாதபோதுதான் அந்த 16 ரூபாய் எங்கே போயிற்று என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடையை ஒரு நாள் சரக்கைக் கொண்டு இங்கே கணக்கிட்டுப் பார்ப்போம். கணக்கில் வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. அவற்றின் இடத்தில் உங்கள் கடையின் தொகைகளை எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கிய கிலோ வேறு, விற்கும் கிலோ வேறு

நாளொன்றுக்கு 300 கிலோ காய்கறி எடுக்கும் கடை என்று கொள்வோம். அதில் தக்காளி 60 கிலோ, அதாவது 15 கிலோ பெட்டி நான்கு. ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ என்பது சந்தைக்குச் சந்தை மாறும். பெட்டியின் எடையைக் கழித்துத்தான் விலை சொல்கிறார்களா என்பதையும் முதல் நாளிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பெட்டி 360 ரூபாய் என்றால் சரக்கின் விலை 1,440 ரூபாய். குட்டியானை வண்டிக்கு 900 ரூபாய் கொடுத்து 300 கிலோவையும் ஏற்றி வந்தால் கிலோவுக்கு 3 ரூபாயாகத் தக்காளியின் பங்கு 180 ரூபாய். ஏற்றுகூலியும் இறக்குகூலியும் பெட்டிக்கு 15 ரூபாயாக 60 ரூபாய். ஆகத் தக்காளி கடை வாசலை அடையும்போதே அதன் அடக்கம் 1,680 ரூபாய், கிலோவுக்கு 28 ரூபாய்.

இனிமேல்தான் பலர் கணக்கில் சேர்க்காத பகுதி தொடங்குகிறது. பெட்டியின் அடியில் நசுங்கியவையும் அழுகியவையும் 3 கிலோ கழியும். வெயிலிலும் காற்றிலும் நீர் வற்றி ஒரு கிலோ குறையும். தராசு முள் சற்றே சாய்ந்திருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் எதிர்பார்ப்பதால், ஒவ்வோர் எடையிலும் கூடுதலாகப் போகும் அரைத் தக்காளியும் ஒரு தக்காளியும் சேர்ந்து இன்னொரு கிலோ ஆகிவிடும். மின்னணுத் தராசு வந்தபிறகும் இந்த வழக்கம் மறையவில்லை. எஞ்சுவது 55 கிலோ. அதிலும் 8 கிலோ மாலைக்குள் குழைந்து, பாதி விலைக்குத்தான் போகும். பாதி விலைக்குப் போகும் 8 கிலோவை முழு விலைக்குப் போகும் 4 கிலோவாக எண்ணிக்கொண்டால், 60 கிலோ வாங்கிய உங்களிடம் விலை பெறும் சரக்கு 51 கிலோதான்.

கழிவு உங்கள் கடையில் மட்டும் நேர்வதன்று. லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல், தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வயல் முதல் கடை வரை காய்கறிகளில் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 4.58 முதல் 12.44 வரையிலும், பழங்களில் 6.70 முதல் 15.88 வரையிலும் வீணாகின்றன. இவை நாடு முழுமைக்குமான எண்கள். உங்கள் கடையின் எண்ணைக் கழிவு வாளியை எடை போட்டுத்தான் அறிய முடியும்.

அடுத்தது கடைச் செலவு. மாத வாடகை 9,000 ரூபாய் என்றால் நாளுக்கு 300. மின்சாரமும் பைகளும் 100. உங்கள் உழைப்புக்கு 700. இந்த 700 ரூபாயைக் கணக்கில் எழுதக் கூச்சப்படுபவர்கள் உண்டு. இன்னொருவர் கடையில் நின்றால் கிடைக்கும் கூலியைத் தம் கடையில் பெறாமல் போனால், அதை லாபம் என்று அழைப்பதில் பொருளில்லை. மொத்தம் 1,100 ரூபாயை விற்பனையாகும் ஏறத்தாழ 275 கிலோவுக்குப் பகிர்ந்தால் கிலோவுக்கு 4 ரூபாய், தக்காளியின் பங்கு 220 ரூபாய். எல்லாக் காய்க்கும் எடைப்படி செலவைப் பகிர்வது பூசணிக்கு அநியாயம், கொத்தமல்லிக்குச் சலுகை என்பது உண்மைதான். கீரையைக் கட்டுக் கணக்கில் தனியாக வைத்துவிட்டு மற்றவற்றுக்கு எடையைப் பின்பற்றினால் தொடக்கத்துக்குப் போதும்.

1,680-உடன் 220 சேர்ந்தால் 1,900 ரூபாய். அதை 51-ஆல் வகுத்தால் 37 ரூபாய் 25 காசு. இந்த விலைக்குக் கீழே காலையில் விற்றால் கைக்காசு போகும். 40 ரூபாய்க்கு விற்றால் 2,040 ரூபாய் வரும், மிஞ்சுவது 140 ரூபாய். கிலோவுக்கு 16 ரூபாய் வீதம் 960 ரூபாய் என்று நினைத்திருந்தது 140-ஆகச் சுருங்கிவிட்டது.

நூற்றுக்கு இத்தனை என்று வைக்காதீர்கள்

மேலே கண்ட கணக்கையே ஒரு விதியாகச் சுருக்கலாம். 60-ஐ 51-ஆல் வகுத்தால் சற்றேறக்குறைய 1.18 வரும். வண்டி, கூலி, கடைச் செலவு ஆகியவற்றின் கூட்டுத்தொகை 460 ரூபாயை 51-ஆல் வகுத்தால் 9 ரூபாய் வரும். எனவே மண்டி விலையோடு நூற்றுக்குப் பதினெட்டைக் கூட்டி, அதற்கு மேல் 9 ரூபாய் சேர்த்தால் அடக்க விலை கிடைத்துவிடும். முதற்பகுதி கழிவுக்கானது, அது மண்டி விலையோடு ஏறி இறங்கும். இரண்டாம் பகுதி வண்டிக்கும் வாடகைக்கும் ஆனது; தக்காளி என்ன விலை விற்றாலும் வண்டிக்காரர் வாங்கும் பணம் மாறாது.

மண்டியில் கிலோ 8 ரூபாய்க்கு இறங்கிய நாளில் இந்த விதிப்படி அடக்க விலை 18 ரூபாய் 43 காசு; 80 ரூபாய்க்கு ஏறிய நாளில் 103 ரூபாய். முதல் நாளில் மண்டி விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வைத்தாலும் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டாம் நாளில் நூற்றுக்கு 29 கூட்டினாலே அடக்கம் வந்துவிடும். எப்போதும் நூற்றுக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளும் கடைக்காரர் மலிவான நாளில் நட்டப்படுவார். விலையேறிய நாளில் 120 ரூபாய் என்று எழுதி வாடிக்கையாளரை எதிர்க் கடைக்கு அனுப்பிவைப்பார்.

உழவர் தக்காளியைச் சாலையில் கொட்டும் நாளிலும் நகரத்தில் அது 20 ரூபாய்க்கு விற்பதேன் என்று கோபப்படுபவர்களுக்கான விடையில் ஒரு பகுதி இந்த 9 ரூபாயில் இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுத் தாள், நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் உழவரைச் சேர்வது தக்காளியில் சுமார் 33 காசு, வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு என்று மதிப்பிட்டது. எஞ்சியதில் இடைத்தரகரின் லாபமும் உண்டு. ஆனால் அழுகல், டீசல், கூலி, வாடகை ஆகியவையும் அதற்குள்தான் அடங்கியிருக்கின்றன. உங்கள் வாடிக்கையாளருக்கு இதை விளக்க நேரம் கிடைக்காது என்றாலும், நீங்களாவது அறிந்திருக்க வேண்டும்.

மண்டி விலை ஏன் இப்படித் துள்ளுகிறது? கொத்தவால் சாவடியிலிருந்து 1996-இல் கோயம்பேட்டுக்கு இடம்பெயர்ந்த சந்தைக்குக் கிருஷ்ணகிரி, கோலார், மதனப்பள்ளிப் பகுதிகளிலிருந்து தக்காளியும், நாசிக்கிலிருந்து பெரிய வெங்காயமும், மலைப்பகுதிகளிலிருந்து கேரட்டும் பீன்ஸும் வருகின்றன. சென்னையில் ஒரு தூறல்கூட விழாத வாரத்தில் கோலாரில் பெய்யும் மழை இங்கே விலையை ஏற்றிவிடும். தக்காளி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காக எந்த வீட்டிலும் சாம்பாரில் இரண்டு மடங்கு போடுவதில்லை. விலை ஏறினாலும் அடியோடு நிறுத்துவதில்லை. தேவை இப்படி இறுகி நிற்பதால் வரத்தில் ஏற்படும் சிறு ஏற்றத்தாழ்வு முழுவதும் விலையின் மேல் விழுகிறது. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழ்நாடு அரசு நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. அத்தகைய நாளில் பக்கத்துத் தெரு ரேஷன் கடையில் என்ன விலை என்பதை விசாரித்துவிட்டு எடுக்கும் அளவைக் குறைப்பதே சரி. கால் கிலோ வாங்குபவர்களை நம்பி நான்கு பெட்டி இறக்குவது துணிச்சலாகாது.

எவ்வளவு எடுப்பது

விலையைவிட இந்த முடிவு கடினமானது. இதற்கும் கணக்கு உண்டு. கடைசியாக எடுக்கும் ஒரு கிலோ விற்றால் வரும் ஆதாயத்தையும், விற்காமல் நின்றால் வரும் நட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகையும் உங்கள் கூலியும் அந்த ஒரு கிலோவால் மாறப் போவதில்லை என்பதால் அவற்றை இங்கே சேர்க்க வேண்டாம். தக்காளியின் அடக்கம் 28, விற்கும் விலை 40, ஆதாயம் 12. மாலையில் 20-க்குத் தள்ளினால் நட்டம் 8. ஆதாயத்தை இரண்டின் கூட்டுத்தொகையாகிய 20-ஆல் வகுத்தால் பத்தில் ஆறு. அதாவது பத்து நாளில் ஆறு நாள் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்க முடிந்து, நான்கு நாள் கொஞ்சம் போதாமல் போகும் அளவே சரியான அளவு.

கீரையில் இந்தக் கணக்கு தலைகீழாகும். கட்டு 10 ரூபாய்க்கு வந்து 15-க்கு விற்கிறது, விற்காவிட்டால் மாட்டுக்குத்தான். ஆதாயம் 5, நட்டம் 10. விடை மூன்றில் ஒன்று. ஆகவே மூன்று நாளில் இரண்டு நாள் கீரை கடை மூடுமுன் தீர்ந்துபோக வேண்டும். “கீரை இல்லையா?” என்று கேட்டுத் திரும்பிப் போகும் வாடிக்கையாளரைப் பார்த்து வருந்தி மறுநாள் பத்துக் கட்டு கூடுதலாக எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. உருளையும் பெரிய வெங்காயமும் மறுநாளும் அதே விலைக்கு விற்கும் என்பதால் அவற்றை மூட்டையாக எடுக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் குவிக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் தனித்தனியாக வைக்க வேண்டும்.

நாள்காட்டியையும் பார்த்து எடுக்க வேண்டும். புரட்டாசியில் பல வீடுகள் அசைவத்தை நிறுத்துவதால் காய்கறி கூடுதலாக விற்கும்; முகூர்த்த நாள்களில் கல்யாணச் சமையலுக்கு மொத்தமாக எடுப்பவர்களால் மண்டியிலேயே விலை ஏறியிருக்கும்.

பழத்தின் போக்கு வேறு. வாழையைத் தாராக எடுப்பவர் தண்டின் எடையைக் கழிவில் சேர்க்க மறக்கக் கூடாது. பழுத்த தாரும் பழுக்காத தாரும் கலந்து எடுத்தால்தான் விற்பனை நாள்தோறும் சீராக நடக்கும். கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. விலை குறைவு என்பதற்காக அந்தச் சரக்கைத் தொட வேண்டாம்.

மாலையும் கூறும் கொசுறும்

மாலையில் குழைந்த தக்காளியின் விலையைப் பலகையில் 20 என்று திருத்தி எழுதினால், நல்ல தக்காளி வாங்கவிருந்தவரும் அதையே கேட்பார். நாளடைவில் காலை வாடிக்கையாளரும் மாலைக்காகக் காத்திருப்பார். நம் சந்தைகள் இதற்கு வெகுகாலமாகவே ஒரு வழி வைத்திருக்கின்றன. எடை போடாமல் கூறு கட்டி, கூறு 20 ரூபாய் என்று வைத்துவிட்டால் கிலோ விலை அப்படியே நிற்கும். சிக்கனம் பார்ப்பவர் கூறை எடுத்துக்கொள்வார், ரசம் வைக்க அது போதும்.

கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் செலவாக எழுதுங்கள். அது வாடிக்கையாளரைத் திரும்ப வரவழைக்கும் செலவு. தவிர்க்க வேண்டியதன்று, ஆனால் அளவு தெரிந்திருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை பெறுவதும் இந்தக் கணக்கில் சேரும்.

முதலும் வட்டியும்

முந்நூறு கிலோ எடுக்க நாளுக்குச் சுமார் 8,000 ரூபாய் வேண்டும். அதைக் காலையில் வாங்கி மாலையில் திருப்பும் கடனாக நூற்றுக்கு ஐந்து வட்டியில் எடுத்தால் நாளுக்கு 400 ரூபாய், அதாவது கடை வாடகையைவிட அதிகம். தக்காளிக்குப் போட்ட 1,680 ரூபாய்க்கு மட்டும் வட்டி 84 ரூபாய். மிஞ்சிய 140 ரூபாயில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும்.

இதிலிருந்து வெளியேறும் வழி எளிமையாகத் தோன்றும். நாள்தோறும் 40 ரூபாயை எடுத்துவைத்து மறுநாள் அந்த அளவு கடனைக் குறைத்து, மிச்சமான வட்டியையும் அதிலேயே சேர்த்துக்கொண்டே போனால் ஐம்பதாம் நாளில் 8,000 ரூபாயும் சொந்த முதலாகிவிடும். நடைமுறை அவ்வளவு எளிதன்று. பொருளியலாளர்கள் டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் சென்னையிலும் பிலிப்பைன்சிலும் சந்தை வியாபாரிகளின் கடனைத் தாங்களே அடைத்துப் பார்த்த ஆய்வில், பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மீண்டும் கடனுக்குத் திரும்பினர். எனவே அந்த 40 ரூபாயைக் கல்லாவில் வைக்காமல் கைக்கெட்டாத வேறோர் இடத்தில் வையுங்கள். தள்ளுவண்டியிலும் நடைபாதையிலும் விற்பவர்களுக்கு 2020-இல் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் வங்கிக் கடன் உண்டு. நாள் வட்டிக்கு வாங்குமுன் அதை விசாரிப்பது நல்லது.

இரவில் எழுத வேண்டியவை

கடை மூடும்போது ஒவ்வொரு காய்க்கும் எடுத்த எடை, கூலி சேர்த்த அடக்கம், கழிவு வாளியின் எடை, பாதி விலைக்குப் போனது, தீர்ந்துபோன நேரம் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் இரண்டு வாரத்தில் உங்கள் கடைக்கான 51 எது என்பது தெரிந்துவிடும். நல்ல பெட்டியாகப் பார்த்து எடுத்ததாலோ நிழலில் பரப்பியதாலோ கழிவு இரண்டு கிலோ குறைந்தால், 1,900-ஐ வகுக்கும் எண் 53 ஆகும். அடக்கம் 36 ரூபாய்க்கு இறங்கும். அன்றைக்கு எதிர்க் கடை 38 ரூபாய் என்று எழுதினால் நீங்களும் 38 என்றே எழுதலாம். பழைய 51-இல் அந்த விலைக்கு மிஞ்சியிருக்கக்கூடியது 38 ரூபாய். இப்போது மிஞ்சுவது 114 ரூபாய்.