லெப்பர்ட் கெக்கோவுக்குப் பாதுகாப்பான தரை: புதிதாக வளர்ப்போருக்கான செய்முறை

சிறுத்தைப் பல்லி என்று அழைக்கப்படும் லெப்பர்ட் கெக்கோ, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்டது. அந்நிலத்தின் பெரும்பகுதி பாறையும் சரளையும் இறுகிய களிமண்ணும் கலந்தது. பகல் முழுவதும் பாறை இடுக்கிலோ வளையிலோ பதுங்கியிருக்கும் இப்பல்லி, அந்தி சாய்ந்த பிறகே இரை தேடி வெளியே வரும். இருந்தும் ‘பாலைவனப் பல்லி’ என்று கேள்விப்பட்டவுடன் கண்ணாடித் தொட்டியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மணலைக் கொட்டிவிடுவோர் பலர். தரையைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, அதனோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ள வெப்பம், உணவு ஆகியவற்றையும் இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

வாங்குவதற்கு முன் ஒரு செய்தி. இந்தியாவில் இருப்போர் இதன் சட்ட நிலையை வனத்துறையிடம் கேட்டுத் தெளிவு பெற்ற பின்பே வாங்க வேண்டும். சிங்கப்பூரில் இதை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. நன்கு பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

படி 1: தொட்டி

வளர்ந்த பல்லி ஒன்றுக்கு 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டி போதும். ஒரு தொட்டியில் ஒன்றை மட்டுமே வளர்ப்பது நல்லது. இரண்டு ஆண் பல்லிகளைச் சேர்த்து விட்டால் கடுமையாகச் சண்டையிடும்.

படி 2: முதல் தரை

புதிதாக வந்த பல்லிக்கு வெறும் பேப்பர் டவலே மிகச் சிறந்த தரை. பார்வைக்கு அழகில்லை என்பதைத் தவிர அதில் குறையொன்றும் இல்லை. வெள்ளைத் தாளின் மேல் எச்சத்தின் நிறமும் கெட்டித்தன்மையும் தெளிவாகத் தெரியும் என்பதால், ஒட்டுண்ணித் தொல்லையோ செரிமானக் கோளாறோ இருந்தால் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். குறைந்தது ஒரு மாதமாவது இப்படி வைத்துக் கவனிப்பது அவசியம். குட்டியாக இருந்தால், அது வளர்ந்து முடியும் வரை தாளையோ டைலையோ விட்டு வேறு தரைக்கு மாற்ற வேண்டாம்.

அடுத்த நிலையில் டைல் வரும். வழவழப்பான பளபளப்பு டைல் கால் வழுக்கும். சொரசொரப்பான செராமிக் டைலையோ ஸ்லேட் கல்லையோ தொட்டியின் அளவுக்கு வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். நம் வீட்டுச் சுவர்ப் பல்லியைப் போல இதன் விரல்களில் ஒட்டும் தகடுகள் இல்லை. நகங்களால் பற்றித்தான் நடக்கிறது. டைல் வெப்பத்தை நன்கு வாங்கி வயிற்றுப் பக்கம் கொடுக்கும், துடைப்பதும் எளிது. ஓரங்களில் இடைவெளி விட்டால் இரைப்பூச்சிகள் அதற்குள் புகுந்துகொள்ளும் என்பதால் நெருக்கமாகப் பொருத்துங்கள்.

படி 3: தவிர்க்க வேண்டியவை

உதிரியான மணல், குறிப்பாகக் ‘கால்சியம் மணல்’ என்ற பெயரில் விற்கப்படும் வண்ண மணல், வேண்டவே வேண்டாம். கால்சியம் குறைந்த பல்லி தரையை நக்கித் தின்னத் தொடங்கும். விழுங்கப்பட்ட மணல் குடலில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இதில் மணலை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது என்பது என் கருத்து. போதிய வெப்பம் இல்லாமல் செரிமானம் மந்தப்படுவதும், உடலில் நீர் வற்றுவதும், கால்சியம் குறைவதும் சேரும்போதுதான் அடைப்பு பெரும்பாலும் முற்றுகிறது. ஆனால் புதிதாக வளர்ப்பவர் தடுமாறுவதும் இதே மூன்றில்தான் என்பதால், உதிரி மணல் அவருக்கு ஏற்றதல்ல.

பொடித்த வால்நட் ஓட்டின் விளிம்புகள் கூர்மையானவை. தேவதாரு, பைன் மரச்சீவல்களிலிருந்து வரும் நெடி மூச்சுப்பாதையை உறுத்தும். கம்பளத் தரையில் நகமும் பல்லும் சிக்கும். காய்ந்த தென்னை நார்த்தூள் புழுதியாகப் பறக்கும்.

படி 4: வெப்பம்

தொட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சூடான பக்கத்தில் தரையின் மேற்பரப்பு 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரையிலும், குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 டிகிரி வரையிலும் இருக்கட்டும். அடியில் ஒட்டும் வெப்ப விரிப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு மட்டும் வைத்து, அதைக் கட்டாயம், வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் இணையுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத விரிப்பு வயிற்றைச் சுட்டுவிடும். வெப்பமானியின் உணர்முனை பல்லி படுக்கும் அதே இடத்தில், தரையின் மேலேயே இருக்க வேண்டும். கண்ணாடிச் சுவரில் ஒட்டும் வட்ட வெப்பமானி காட்டும் அளவை நம்ப முடியாது.

மூன்று மறைவிடங்கள் தேவை: சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று, ஈரப்பாசியோ நனைத்த தாளோ இட்டது மூன்றாவது. தோலுரிக்கும் காலத்தில் இந்த ஈர மறைவிடம் இல்லையென்றால் விரல் நுனிகளில் பழைய தோல் இறுகி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, விரலே உதிர்ந்துபோகக்கூடும்.

படி 5: உணவு

இது பூச்சிகளை மட்டுமே உண்ணும். காய்கறியோ பழமோ தேவையில்லை. இரைக்கென வளர்க்கப்பட்ட சில்வண்டு, மீல்வார்ம் என்ற வண்டுப்புழு போன்றவற்றை, பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைவிடப் பருமன் மிகாதபடி தேர்ந்தெடுத்து, கால்சியம் தூளில் புரட்டிக் கொடுங்கள். குட்டிகளுக்கு நாள்தோறும், வளர்ந்தவற்றுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. புற ஊதா விளக்கு இல்லாத தொட்டியில் வைட்டமின் டி3 கலந்த தூளும் அவசியம். மின்மினிப் பூச்சி நஞ்சு. தோட்டத்தில் பிடித்த பூச்சிகளில் பூச்சிக்கொல்லி இருக்கலாம். ஆழமற்ற கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

படி 6: மண் தரைக்கு மாறுதல்

பல்லி முழு வளர்ச்சி அடைந்து, ஒழுங்காக உண்டு, எச்சமும் சீராக இருந்தால் இயற்கைத் தரையை அமைக்கலாம். உரம் கலக்காத மேல்மண் இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு, கொஞ்சம் களிமண் ஆகியவற்றை நீர் விட்டுப் பிசைந்து, 7 முதல் 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, நன்றாக அழுத்திக் காயவிடுங்கள். பல நாட்கள் ஆகும். அதுவரை பல்லி வேறு பெட்டியில் இருக்கட்டும். காய்ந்த பின் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. பொடிந்து உதிர்ந்தால் களிமண்ணைக் கூட்டி மீண்டும் பிசையுங்கள். கனமான கற்களை மண்ணின் மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்திலேயே ஊன்றுங்கள். பல்லி அடியில் தோண்டினாலும் கல் சரியாது.

இங்கே பலர் மறந்துவிடும் ஒன்று: இத்தனை கன மண் வழியாக அடி விரிப்பின் வெப்பம் மேலே வராது. கீழே சிறைப்பட்ட வெப்பம் கண்ணாடியையும் விரிசல் காணச் செய்யலாம். ஆகவே விரிப்பை நிறுத்திவிட்டு, மேலிருந்து வெப்பம் தரும் ஹாலோஜன் விளக்குக்கு மாறி, தரையின் வெப்பநிலையை மறுபடியும் அளந்து சரிசெய்யுங்கள். இரையைக் கிண்ணத்திலோ இடுக்கியாலோ கொடுத்தால் மண் வாய்க்குள் போவது குறையும்.

படி 7: அன்றாடக் கவனிப்பு

எச்சத்தை அன்றன்றே அகற்றுங்கள். பல்லியைத் தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள், ஏனெனில் ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும். வாலைப் பிடித்துத் தூக்கினால் அது கழன்றுவிடும். கொழுப்பைச் சேமித்து வைக்கும் உறுப்பும் அதுவே என்பதால், வால் மெலிவது உடல்நலக் குறைவின் முதல் அறிகுறிகளில் ஒன்று. பல நாட்களாக எச்சம் இல்லாமல், உண்ணாமல், வயிறு உப்பி, பின்கால்களை இழுத்து நடந்தால் எண்ணெய் புகட்டுவது போன்ற கைவைத்தியம் செய்யாமல், ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்லுங்கள். கடைசியாகக் கிடைத்த எச்சத்தையும், தொட்டியின் வெப்பநிலைக் குறிப்பையும், தரையில் என்ன பரப்பியிருக்கிறீர்கள் என்ற விவரத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.