பிரபஞ்சம் ஒரு ஹாலோகிராமா? இதைப் பேசும்போது சறுக்கும் இடங்கள்

"நாம் காண்பதெல்லாம் வெறும் ஹாலோகிராம், உலகம் மாயை என்பதை அறிவியலே நிரூபித்துவிட்டது" என்று யூடியூப் காணொளிகளில் அடித்துச் சொல்கிறார்கள். நிரூபிக்கவும் இல்லை, மாயை என்று இயற்பியல் சொல்லவும் இல்லை. ஓர் இடத்துக்குள் நடப்பது அனைத்தையும், அதைச் சூழ்ந்த எல்லைப் பரப்பில் உள்ள தகவலைக் கொண்டே முழுமையாக விவரிக்கலாம் என்பதுதான் ஹாலோகிராம் கோட்பாட்டின் கருத்து. இரண்டு விவரிப்புகளும் சமம் என்றால், அதில் ஒன்றை மட்டும் பொய்யென்று தள்ள நியாயமே இல்லை.

கருந்துளையைத் தொடாமல் இதை விளக்கப் புகுவதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தவறு. எல்லாம் தொடங்கியதே அங்கேதான். ஓர் அறையில் உள்ள வாயுவின் என்ட்ரோபி, அதாவது அதன் நுண்நிலைகள் எத்தனை விதமாக அமையலாம் என்ற கணக்கு, அறையின் கனஅளவைப் பொறுத்துக் கூடும். கருந்துளையில் அப்படி இல்லை என்று 1970களின் தொடக்கத்தில் இயற்பியலாளர் ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் வாதிட்டார். கருந்துளையின் நிறையை இரட்டித்தால் ஆரமும் இரட்டிக்கும். அந்த ஆரத்துக்குரிய கோளத்தின் கனஅளவு எட்டு மடங்காகிறது. என்ட்ரோபியோ பரப்பைப் போல நான்கு மடங்குதான் ஏறுகிறது. கருந்துளைகள் வெளியிடும் என்று 1974இல் ஸ்டீபன் ஹாக்கிங் கணக்கிட்டுச் சொன்ன கதிர்வீச்சு இந்தக் கணக்கை உறுதியாக்கியது. அப்படியானால் உள்ளிருப்பதன் கணக்கை வெளிப்பரப்பு வைத்திருக்கிறதா? இந்தக் கேள்வியைத்தான் 1993இல் இயற்பியலாளர் ஜெரார்டு 'ட் ஹூஃப்ட்டும், அடுத்து லெனார்ட் சஸ்கிண்டும் பிரபஞ்சத்துக்கே விரித்தார்கள்.

ஹாலோகிராம் என்ற பெயரையும் அளவோடுதான் எடுக்க வேண்டும். ஏடிஎம் அட்டையில் மின்னும் ஹாலோகிராம் ஒட்டுப்படம்போலத் தட்டைப் பரப்பில் முப்பரிமாணத் தகவல் அடங்கியிருக்கிறது என்பதோடு ஒப்புமை முடிந்தது. பிரபஞ்சத்தின் விளிம்பில் லேசரும் இல்லை, நம்மைப் படமாகக் காட்டும் கருவியும் இல்லை.

ஈர்ப்பு உள்ள ஒரு வெளியின் விவரிப்பும், அதன் எல்லையில் ஈர்ப்பு இல்லாத ஒரு விவரிப்பும் சமம் என்று 1997இல் இயற்பியலாளர் ஹுவான் மால்டசேனா முன்வைத்த கணிதப் பொருத்தத்தை நம் பிரபஞ்சத்துக்கான சான்றாகக் காட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. அவர் எடுத்துக்கொண்டது எதிர் வளைவு கொண்ட ஒரு வெளி. அதற்குத் தெளிவான எல்லை உண்டு. நம்முடைய பிரபஞ்சமோ முடுக்கத்தோடு விரிகிறது என்று 1998இல் சூப்பர்நோவாக்களை ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். அப்படி ஒரு தெளிவான எல்லை இதற்குத் தெரியாததால், அந்தக் கணிதம் இங்கே அப்படியே பொருந்தாது. அதற்காக அது வீண் என்று ஒதுக்குவதும் பிழையே. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அணுக்கருக்களை மோதவிட்டு உண்டாக்கிய குவார்க்-குளுவான் குழம்பு (அணுக்கருத் துகள்கள் உருகிக் கலந்த நிலை) ஏன் அவ்வளவு குறைந்த பாகுநிலையோடு, அதாவது உள்உராய்வு மிகக் குறைவாக, ஓடுகிறது என்று புரிந்துகொள்ள அது கைகொடுத்தது.

செய்தித் தலைப்புகளிலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தில் 40 மீட்டர் கைகள் கொண்ட ஹோலோமீட்டர் என்ற லேசர் கருவி தேடிய, இடவெளியின் மிக நுண்ணிய நடுக்கம் கிடைக்கவில்லை என்று 2015இல் தெரிந்ததும், "ஹாலோகிராம் கோட்பாடு தோற்றது" என்று முடிவுகட்டுவது அவசரம். அங்கே சோதிக்கப்பட்டது இயற்பியலாளர் கிரெய்க் ஹோகனின் தனிக் கருதுகோள். 2017இல் வந்த "சான்று கிடைத்தது" செய்திகளும் அதே ரகம்தான்: தொடக்ககாலப் பிரபஞ்சத்துக்கான ஒரு ஹாலோகிராபிக் மாதிரி, பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவுகளோடு ஒத்துப்போனது, அவ்வளவே. முடுக்கத்தோடு விரியும் நம் பிரபஞ்சத்துக்கு அந்த எல்லைப் பரப்பு எங்கே இருக்கிறது என்பதற்கே இன்னும் எல்லோரும் ஏற்கும் விடை இல்லை.