முளைப்பயறு சுவாசிப்பதைக் கண்ணால் காணலாம்: செல் சுவாசம், வீட்டுச் செய்முறை

செல்கள் உணவை உடைத்து ஆற்றல் பெறும் செல் சுவாசத்தைச் சமன்பாடாக மனப்பாடம் செய்யும் மாணவர்களில் பலர், மூச்சு விடுவதைத்தான் சுவாசம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மூக்கும் நுரையீரலும் இல்லாத பயறும் இரவு பகலாகச் சுவாசிக்கிறது என்பதை நேரில் பார்த்துவிட்டால் அந்தக் குழப்பம் நீங்கும். சமன்பாட்டை அதன்பின் படிப்பதே முறை என்பது என் கருத்து.

முதலில் சுண்ணாம்புத் தெளிநீர் தயாரிக்க வேண்டும். சோழவந்தான் வெற்றிலை விற்கும் எந்தக் கடையிலும் சுண்ணாம்பு கிடைக்கும். நிறமோ வாசனையோ சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு தேக்கரண்டிச் சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரில் கலக்கி, மூடி, ஓர் இரவு அசைக்காமல் வைத்தால் மண்டி அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வேறு பாட்டிலுக்கு மாற்றி உடனே மூடிவிடுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவே அதன்மேல் ஆடை படியச் செய்துவிடும். இந்த நீர் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பெரியவர் ஒருவர் உடனிருப்பது அவசியம்.

அதே இரவில் பச்சைப் பயறையும் ஊறவையுங்கள். மறுநாள் நீரை வடித்துத் துணியில் கட்டி வைத்தால், மதுரை வெக்கைக்கு விரைவிலேயே வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். முளைத்ததில் பாதியை வேகவைத்து ஆறவிடுங்கள்.

அகன்ற வாயுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில், ஒன்றில் முளைப்பயறையும் மற்றொன்றில் வெந்த பயறையும் போட்டு, இரண்டின் நடுவிலும் சிறு கிண்ணத்தில் ஒரே அளவு தெளிநீரை வைத்து, மூடியை இறுக்கி, இருட்டான அலமாரியில் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். முளைப்பயறு உள்ள பாட்டிலில் முதலில் நீரின்மேல் மெல்லிய வெண்படலம் தோன்றும். லேசாக ஆட்டினால் அது செதில் செதிலாக உடைந்து மூழ்கும். பிறகு நீரே பால்நிறம் கொள்ளும். பயறு வெளியிட்ட கரியமில வாயு, தெளிநீரில் கரைந்திருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து, நீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறியதே அந்த வெண்மை. வெந்த பயறின் நொதிகள் (செல்லின் வேதிவினைகளைத் தூண்டும் புரதங்கள்) சூட்டில் அழிந்துவிட்டதால் அந்தப் பக்கம் பெரிய மாற்றம் இராது. இந்த ஒப்பீடு இல்லையென்றால் சோதனைக்கு மதிப்பே இல்லை. ஆனால் அன்றைக்கே பார்த்து முடித்துவிட வேண்டும். வெந்த பயறு கெடத் தொடங்கினால் அதில் பெருகும் நுண்ணுயிர்களின் சுவாசம் அந்த நீரையும் வெளுக்கச் செய்துவிடும்.

இனி, செல்லுக்குள் நடந்ததைப் பார்ப்போம். பயறில் சேமித்திருந்த மாவுச்சத்தை நொதிகள் குளுக்கோஸாக உடைக்கின்றன. செல்லின் உட்கூழான சைட்டோபிளாசத்தில் நடக்கும் கிளைக்காலிசிஸில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு பைருவேட்டுகளாகப் பிளவுபட, நிகரமாக 2 ஏடிபி (செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு) கிடைக்கிறது. பைருவேட், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்ததும் அதன் கார்பன் படிப்படியாகக் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் விளக்கிய சுழற்சி நடப்பதும், கிண்ணத்து நீரை வெளுக்க வைத்த வாயு பிறந்ததும் அங்கேதான். ஆக்சிஜனின் வேலை கடைசிக் கட்டத்தில் வருகிறது: மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் கைமாறி வரும் எலக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டு அது நீராகிறது. ஏடிபியின் பெரும்பகுதி உருவாவது இங்கேதான். ஒரு குளுக்கோஸுக்கு 36 அல்லது 38 ஏடிபி என்று பழைய நூல்கள் சொல்லும். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 30 முதல் 32 வரை.

குளுக்கோஸின் ஆற்றலில் பாதிக்கும் குறைவே ஏடிபியில் சேர்கிறது, மீதி வெப்பமாகிறது. அதையும் அளக்கலாம். முளைப்பயறையும் வெந்த பயறையும் தனித்தனிப் பிளாஸ்க்குகளில் நிரப்பி, ஆளுக்கொரு வெப்பமானியைச் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. ஆய்வக வெப்பமானி வேண்டும். சித்திரை வெயிலில் வெந்த பயறும் சூடாகவே இருக்கும் என்பதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். பஞ்சுக்குப் பதில் மூடியை இறுக்கிவிட்டால், உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்தபின் பயறு நொதித்தலுக்கு மாறி, கிளைக்காலிசிஸ் தரும் 2 ஏடிபியோடு நின்றுவிடும். பிளாஸ்க்கைத் திறந்ததும் வரும் புளித்த வாடை அதற்கு அடையாளம்.