மூளைக்காய்ச்சல் போலவே வரும் ‘ஏடெம்’: எங்கே தவறு நடக்கிறது?

பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்து மறுபடியும் காய்ச்சல், தலைவலி, வாந்தி. மறுநாள் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, வலிப்பும் வருகிறது. பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சல் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஏடெம் (ADEM) என்கிற மூளை அழற்சி நோயும் இப்படித்தான் தொடங்கும். கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, மூளை நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையையே தாக்குகிறது.

இங்கே நடக்கும் முதல் தவறு, அந்தப் பழைய காய்ச்சலை டாக்டரிடம் சொல்லாமல் விடுவது. “அதுதான் சரியாப் போச்சே” என்று நினைக்கிறோம். நோயின் துப்பே அதில்தான் இருக்கிறது.

அடுத்தது, முதுகில் நீர் எடுக்க மறுப்பது. கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது. இரண்டு நோயிலும் அந்த நீரில் வெள்ளணுக்கள் கூடலாம். ஆனால் பாக்டீரியா என்றால் பெரும்பாலும் சர்க்கரை அளவு குறையும், கல்ச்சர் என்கிற கிருமி வளர்ப்புச் சோதனையில் கிருமி வளரும். ஏடெமில் சர்க்கரை பொதுவாகச் சரியாக இருக்கும், கிருமி வளராது. நீர் எடுப்பதற்கு முன்பே மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்திருந்தால், கிருமி இருந்தாலும் கல்ச்சரில் வளராமல் போகலாம். அப்புறம் எது எதுவென்று பிரிப்பது கஷ்டம். கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

“கிருமியே இல்லையே, எதற்கு ஆன்டிபயாட்டிக் ஏற்றினீர்கள்?” என்று பிறகு சண்டை போடுவதும் நியாயமில்லை. பாக்டீரியா மூளைக்காய்ச்சல் சில மணி நேரத்திலேயே உயிரை எடுத்துவிடும். ரிசல்ட் வரும்வரை ஆன்டிபயாட்டிக்கும், மூளையைத் தாக்கக்கூடிய ஹெர்பிஸ் வைரஸுக்கான அசைக்ளோவிர் மருந்தும் போடுவதுதான் சரி.

சி.டி. ஸ்கேன் நார்மல் என்று நிம்மதி அடையாதீர்கள். ஏடெமின் வெண்திட்டுகள் எம்.ஆர்.ஐ.யில்தான் தெளிவாகத் தெரியும். சிகிச்சை 3 முதல் 5 நாள் ரத்தக் குழாய் வழியாக ஸ்டீராய்டு, பிறகு 4 முதல் 6 வாரம் மாத்திரையை மெல்லக் குறைப்பது. பிள்ளை எழுந்து விளையாடுகிறதே என்று மாத்திரையை நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பலாம்.

தடுப்பூசியால் ஏடெம் வருமோ என்று பயந்து நாய்க்கடி ஊசியைத் தவிர்ப்பவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் இருந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உட்படப் பல இடங்களில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்து, வயிற்றில் போட்ட அந்தக் காலத்து ஊசியால் சிலருக்கு இதே மாதிரி மூளை அழற்சி வந்தது. 2004 டிசம்பரோடு இந்தியாவில் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. இன்று கையில் போடும் ஊசியில் மூளைத் திசு கிடையாது.