மூன்று அதிகாரக் கணக்கு எங்கள் வீட்டில் ஏன் உடைந்தது (என் அனுபவம்)

என் இரண்டு பிள்ளைகளும் ஹோம்ஸ்கூல். வயது 8, 11. வேதாகமத்தில் 1,189 அதிகாரம், தினம் மூன்றேகால் வாசித்தால் வருஷத்தில் முடியும் என்று ஜனவரி 1 அன்று தேதி போட்ட அட்டவணையை ஒட்டினேன். பிப்ரவரி இரண்டாம் வாரம் நின்றுபோனது.

முதலில் நேரத்தைக் குறை சொன்னேன். இரவிலிருந்து காலைக்கு மாற்றினேன், பலனில்லை. நட்சத்திர ஸ்டிக்கர் நாலு நாள் ஓடியது. படக்கதைப் புத்தகத்தைச் சின்னவன் ஒரே மூச்சில் முடித்துவிட்டான், அவ்வளவுதான்.

அப்புறம்தான் நின்ற இடத்தைப் பார்த்தேன்: வேதாகமத்தின் நாலாவது புத்தகமான எண்ணாகமத்தில் 7ஆம் அதிகாரம். மொத்தம் 89 வசனம். 130 சேக்கல் (பழைய எடை அளவு) வெள்ளித்தாலம் தொடங்கி அதே காணிக்கைப் பட்டியல் பன்னிரண்டு முறை வருகிறது. சங்கீதம் 117 இரண்டே வசனம், 119 என்றால் 176. இதையெல்லாம் 'ஒரு அதிகாரம்' என்று சமமாக எண்ணியதுதான் தப்பு. அதிகாரப் பிரிவே 13ஆம் நூற்றாண்டில் வந்தது. பிள்ளையின் மூச்சை அளந்து போட்டதல்ல.

இப்போது மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கி, 15 நிமிட டைமர். மணி அடித்ததும் நிறுத்துவதில்லை. அந்தச் சம்பவம் முடியும் வசனத்தில் பென்சில் கோடு. இயேசு புயலை அதட்டும் இடம் 4ஆம் அதிகாரம் 41ஆம் வசனத்தில் முடிகிறது, அங்கே ஒரு கோடு. அட்டவணையிலிருந்து தேதியைக் கிழித்துவிட்டேன். முன்பு ஒரு நாள் விட்டால் மறுநாள் ஆறு அதிகாரம் பாக்கி நிற்கும். இப்போது கோட்டிலிருந்து தொடர்ந்தால் சரி. வாரம் ஐந்து நாள், மூன்று மாதமாக ஓடுகிறது. எண்ணாகமம் 7ஐ நானே வாசிப்பேன். பிள்ளைகள் பன்னிரண்டையும் விரல்விட்டு எண்ணட்டும்.