கடினப்பாறை நிலத்தில் கிணற்றுப் பாசனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறைப் பகுதியாகும். கோவை, திருப்பூர், சேலம், தருமபுரி போன்ற மாவட்டங்களில், மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது. இதை மறந்துவிட்டு, கிணறு வற்றியவுடன் ஆயிரம் அடிக்குத் துளையிடுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஆழம் கூடக் கூடப் பொதுவாக வெடிப்புகள் குறைகின்றன. அங்கே நீர் கிடைத்தாலும் அது பெரும்பாலும் மேலடுக்கிலிருந்து கசிந்து இறங்கிய அதே நீர்தான் என்பதால், புதிய ஆழ்துளைக் கிணறு பக்கத்துத் தோட்டத்துத் திறந்தவெளிக் கிணற்றையும் சேர்த்து வற்றச் செய்துவிடக்கூடும். செலவு ஒருவருடையது, இழப்பு இருவருடையது.

மும்முனை மின்சாரம் வந்தவுடன் தானாகவே ஓடும்படி மோட்டாரை விட்டுவைப்பது அடுத்த தவறு. மின்சாரம் இலவசம் என்பதால் இதன் விலை கண்ணில் படுவதில்லை. நெல்லுக்குக்கூட எப்போதும் நீர் நிற்க வேண்டியதில்லை. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும்; பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

சொட்டுநீர்ப் பாசனம் அமைத்தாலே நீர் மிச்சமாகிவிடும் என்று நம்புவதும் சரியன்று. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் கிடைப்பதால் பலர் அதை அமைக்கிறார்கள். ஆனால் மிச்சமான நீரைக் கொண்டு இன்னும் ஓர் ஏக்கர் வாழை வைத்தால் கிணற்றிலிருந்து எடுக்கும் அளவு குறைவதே இல்லை. மேலும், வாய்க்கால் பாசனத்தில் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கே திரும்பி வந்த கசிவும் நின்றுவிடுகிறது. மானியம் குழாய்க்குத்தான், ஊற்றுக்கு அன்று.

மழைநீரைக் கிணற்றில் சேர்ப்பது நல்லதே. எனினும் உரமும் பூச்சிமருந்தும் கலந்த வயல் வெள்ளத்தைக் கிணற்றுக்குள் திருப்பவே கூடாது; கலப்பில்லாத ஓடைநீரைக்கூட, மணலும் சரளையும் நிரப்பிய வடிகட்டும் குழியின் வழியாகவே விட வேண்டும். இல்லையென்றால் வண்டல் படிந்து ஊற்றுக்கண் அடைபடும்.

நீர்மட்டத்தை அளக்காமலேயே பயிரை முடிவு செய்வது பலரிடமும் உள்ள பழக்கம். இதற்குக் கல் கட்டிய கயிறு ஒன்றே போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், சனவரியில் அளந்து குறித்துவைக்கும் மட்டம் முந்தைய ஆண்டைவிடத் தாழ்ந்திருந்தால், புதிதாக வாழை நடுவதைத் தள்ளிவைத்து, குறைந்த நீரில் விளையும் எள்ளை மாசிப் பட்டத்தில் விதைக்கலாம்.